கடல் முன்பும் ஏறியது. ஆகவேதான் அஞ்ச வேண்டும்

இராமேஸ்வரம் முதல் செஷல்ஸ் வரை கரையில் கிடக்கும் பழம்பவளங்கள், கடலின் கடந்த காலத்தை ஆண்டுக் கணக்கோடு சொல்கின்றன. பருவமழையைக் கணிக்கும் புனே நகரத்துக்கும் கடலோரம் குடியிருக்கும் நமக்கும் அந்தக் கணக்கு எதற்கு?

“கடல் என்றைக்கு ஒரே மட்டத்தில் நின்றது? ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்புதானே? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?” பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் விஷயம் தெரியாமல் கேட்பதில்லை. கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. கடல் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது. இராமேஸ்வரம் தீவின் வடகரையில், இன்றைய பவளங்கள் உயிர்வாழக்கூடிய மட்டத்துக்கு மேலே, செத்துக் கல்லாகிப்போன பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. அப்படியானால் அது உயிரோடு இருந்த காலத்தில் கடல் அந்த உயரத்தில் இருந்திருக்க வேண்டும். அல்லது நிலம் தாழ்ந்திருந்திருக்க வேண்டும். இயற்கையே கரையில் வைத்துவிட்டுப் போன இந்தச் சாட்சியை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி, அதாவது “ஆகவே கவலை வேண்டாம்” என்ற முடிவு, அந்தச் சாட்சியை அரைகுறையாக விசாரித்ததால் வருவது. கடல் மாறியது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, எப்போது மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது, எதனால் மாறியது என்று கேட்காமல் விட்டால் பழம்பவளம் ஆறுதல் சொல்வதுபோலத்தான் தோன்றும். இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பதில் வாங்கும் வித்தை கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் கைகூடியிருக்கிறது. வந்த பதில்கள் ஒன்றுகூட நம்மை நிம்மதியாகத் தூங்கச் சொல்லவில்லை. கடல் முன்பும் மாறியது என்பதே இன்றைய அச்சத்துக்கு மிக வலுவான ஆதாரம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நூற்றைம்பது ஆண்டு நினைவு

இந்த வாதத்தைப் புனேயிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கடலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்துக்கு 560 மீட்டர் உயரத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறைமேல் நிற்கும் ஊர் அது. பவளத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்தியாவின் வானிலை அறிவு பெருமளவு திரண்டு கிடப்பது அங்கேதான். 1875-இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து அங்கே போனது. பிறகு தலைமையகம் டெல்லிக்கு மாறினாலும் பருவநிலை ஆவணங்களைப் பேணும் பணி புனேயிலேயே தங்கிவிட்டது. 1962-இல் உருவான இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் பாஷாண் பகுதியில் இயங்குகிறது. ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டுக்குப் பயன்பட்ட உலக மாதிரிகளில் இந்தியாவிலிருந்து சென்ற முதல் புவி அமைப்பு மாதிரி அங்கே உருவானதுதான். நாளைய கடலும் நாளைய மழையும் எப்படி இருக்கும் என்று நாடு கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய ஊர் புனே.

அந்தப் பதிலுக்கு அடிப்படை, கருவிகள் எடுத்த அளவுகள். இந்துமாக்கடலிலேயே மிகப் பழைய அலைமானிகளில் ஒன்றான மும்பை அலைமானியின் பதிவுகள் 1878-இல் தொடங்குகின்றன. செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தை விடாமல் அளப்பது 1990-களின் தொடக்கத்திலிருந்துதான். புனே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொகுத்து, புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட இந்தியப் பருவநிலை மதிப்பீட்டு அறிக்கை இந்த அளவுகளை ஒருசேரப் பார்த்தது. வட இந்துமாக்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் ஏறியது. 1993 முதல் 2017 வரையிலான காலத்தில் அது ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராகிவிட்டது. வெப்பமண்டல இந்துமாக்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையே சராசரியாக 1 டிகிரி சூடேறியது. உறுதியான எண்கள்தான். ஆனாலும் நூற்றைம்பது ஆண்டு என்பது பனிப்பாளங்களின் வாழ்க்கையில் ஒரு மூச்சு நேரம். ஒரு பனிப்பாளம் சரிந்தால் கடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த அலைமானியும் பார்த்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வறட்சியை எந்த மழைமானியும் அளந்ததில்லை. கருவிகளின் நினைவு தீரும் இடத்தில் பவளத்தின் நினைவு தொடங்குகிறது.

வயது சொல்லும் கல்

பவளம் என்று நாம் கல்லைச் சொல்கிறோம். உண்மையில் அது ஓர் உயிர் கட்டிய வீடு. சின்னஞ்சிறு உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை இழுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. பழைய கூட்டின்மேல் புதிய கூடு எழும்புகிறது. போரைட்டிஸ் என்ற பெரும்பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அதன் நடுவிலிருந்து ஒரு தண்டை எடுத்து, மெல்லிய பலகையாக அறுத்து, எக்ஸ்ரே எடுத்தால் அடர்ந்த பட்டையும் அடர்த்தி குறைந்த பட்டையும் மாறிமாறித் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. பசிபிக்கில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்த எனிவெடாக் தீவில், குண்டுகள் விட்டுச்சென்ற கதிரியக்கச் சுவடுகளைப் பவளத்துக்குள் தேடிப்பார்த்து, இந்தப் பட்டைகள் ஆண்டுக்கொன்று என்பதை 1972-இல் உறுதிசெய்தார்கள். வேறு சில பவளங்களில் நாள்வரிகளே உண்டு. 1963-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் டெவோனியன் காலத்துப் பவளங்களில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 வரிகளை எண்ணினார். ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி இன்னும் வேகமாகச் சுற்றியது, ஓராண்டில் நாட்கள் அதிகம் என்று வானியலாளர்கள் கணக்கிட்டதை அந்தக் கல் வழிமொழிந்தது.

பட்டைகள் ஆண்டைச் சொல்லும். அந்த ஆண்டின் கடல் எப்படி இருந்தது என்பதை அதற்குள் இருக்கும் வேதியியல் சொல்லும். பல்மருத்துவரின் துளையூசி போன்ற கருவியால் பட்டையின் குறுக்கே மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டுப் பொடி எடுக்கிறார்கள். அந்த வெள்ளைப் பொடியில் கால்சியத்தோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரான்ஷியம் குறைவாக இருந்தால் நீர் சூடாக இருந்தது, கூடுதலாக இருந்தால் குளிர்ந்திருந்தது என்று பொருள். ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்புக்கும் லேசான ஐசோடோப்புக்கும் உள்ள விகிதம் வெப்பத்தோடு சேர்த்து மழையையும் ஆவியாதலையும் காட்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் வெப்பத்தை ஒருபுறமும் மழையை ஒருபுறமும் பிரித்தெடுக்கலாம். மாதக் கணக்கில் கடலின் நாட்குறிப்பு கிடைத்துவிடுகிறது.

அந்தப் பவளம் செத்து எத்தனை ஆண்டாயிற்று என்பதற்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கார்பன் 14. அது சுமார் 50,000 ஆண்டுவரைதான் ஓடும். அதிலும் கடலுக்கு உரிய திருத்தங்கள் பல செய்தாக வேண்டும். மற்றது யுரேனியம்–தோரியம். கடல்நீரில் யுரேனியம் கரையும். தோரியம் கரைவது மிக அரிது. ஆகவே உயிருள்ள பவளம் தன் கூட்டில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்கிறது, தோரியத்தைச் சேர்ப்பதில்லை. கூடு உருவானதிலிருந்தே யுரேனியம் சிதைந்து உள்ளேயே தோரியம் 230 பிறக்கத் தொடங்குகிறது. எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு காலம் கழிந்தது என்று தெரிந்துவிடும். ஐந்து லட்சம் ஆண்டுவரை இந்தக் கடிகாரத்தை நம்பலாம். 1990-இல் பார்படோஸ் தீவின் பவளங்களை இரண்டு கடிகாரங்களாலும் அளந்த எடுவார் பார்டு குழுவினர், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கார்பன் வயதுகள் உண்மையைவிடச் சுமார் 3,500 ஆண்டு இளமையாகக் காட்டுவதைக் கண்டார்கள். பவளம் கடலின் வயதைச் சொன்னதோடு, உலகமெங்கும் தொல்லியலாளர்கள் பயன்படுத்தும் கார்பன் கடிகாரத்தையும் திருத்திக் கொடுத்தது.

இராமேஸ்வரம் சொல்வது என்ன?

இனி நம் கரைக்கு வருவோம். 1972-இல் பிரிட்டிஷ் புவியியலாளர் டேவிட் ஸ்டாடர்ட்டும் இந்தியப் பவள அறிஞர் கோபிநாத பிள்ளையும் இராமநாதபுரம் கரையின் உயர்ந்த பவளத் திட்டுகளை ஆராய்ந்து எழுதினார்கள். இராமேஸ்வரத்துப் பவளத்தின் கார்பன் வயது சுமார் 4,000 ஆண்டு என்று வந்தது. 1985-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சோமயாஜுலு, அமெரிக்காவின் வாலஸ் புரோக்கர் போன்றவர்களோடு சேர்ந்து, இந்தியப் பவளங்களை யுரேனியக் கடிகாரத்தால் அளந்தார். பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் தென்மேற்கில் ஹிக்கடுவ, அக்குரல பகுதிகளில் கரைக்கு உள்ளே நிலத்தடியில் கிடக்கும் பவளப் படுகைகளைச் சுண்ணாம்புக் காளவாய்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டினார்கள். அந்தப் படுகைகளை 1980-களில் ஆராய்ந்த கட்டுபொத்த, புஜிவாரா இருவரும் ஆறாயிரம் ஆண்டுவரையிலான வயதுகளைக் கண்டார்கள். மாலத்தீவில் பால் கென்ச் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4,000 முதல் 2,100 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே கடல் இன்றைவிட அரை மீட்டர் உயர்ந்திருந்ததாகத் தெரிந்தது. எல்லாச் சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: சங்ககாலத்துக்கு முந்திய ஆயிரமாண்டுகளில் நம் பக்கத்துக் கடல் இன்றைவிடச் சற்றே உயரமாக இருந்தது.

“அப்படியானால் இன்று ஒரு மீட்டர் ஏறினால் என்ன? பழைய இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதானே?” என்று இந்த இடத்தில் கேட்கலாம். எதனால் என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடமும் இதுதான். பனியுகத்தின் பெரும் பனிப்பாளங்கள் உருகி முடிந்தது ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன். அதன்பின் வெப்பமண்டலக் கடல்கள் ஓரிரு மீட்டர் தாழ்ந்ததற்குக் காரணம், தண்ணீர் குறைந்தது அல்ல. பனியின் பாரம் நீங்கியதும் வடஅமெரிக்கா, ஐரோப்பா பக்கத்து நிலங்கள் எழும்பின. அவற்றைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நிலநடுக்கோட்டுப் பக்கத்து நீர் அங்கே நகர்ந்தது. புதிதாக வந்து சேர்ந்த நீரின் எடை கடலடியை அமுக்க, கரையோர நிலங்கள் மெல்ல நிமிர்ந்தன. பூமி தன் வடிவத்தைச் சரிசெய்துகொண்டபோது இருந்த நீரே இடம் மாறியது. அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது.

இன்று நடப்பது வேறு. கடல் சூடேறி விரிகிறது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மலைகளிலும் நிலத்தின்மேல் இருந்த பனி உருகிப் புதுநீராகக் கடலில் சேர்கிறது. 1900-க்குப் பிந்திய கடல் ஏற்றம், குறைந்தது கடந்த மூவாயிரம் ஆண்டுகளில் எந்த ஒரு நூற்றாண்டிலும் இல்லாத வேகம் என்பது ஐ.பி.சி.சி.யின் முடிவு. இரண்டு காரணங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது, ஆற்றில் வெள்ளம் வருவதையும் அணையில் நீர் பக்கம் மாறி நிற்பதையும் ஒன்று என்பதற்குச் சமம். இன்னொரு வேறுபாடும் உண்டு. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராமேஸ்வரத்துக் கரையில் கடல் ஏறியிருந்தால் மனிதர் நாலடி தள்ளிக் குடிசை போட்டிருப்பார்கள். இன்று நம் கரைகளில் சென்னையும் தூத்துக்குடியும் மும்பையும் நிற்கின்றன. துறைமுகமும் அனல்மின் நிலையமும் அணுமின் நிலையமும் நிற்கின்றன. அவற்றை நாலடி தள்ளிவைக்க முடியாது.

வேகமே விஷயம்

கடல் எவ்வளவு வேகமாக ஏறக்கூடும் என்பதற்கும் பவளமே சாட்சி. 1989-இல் ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ், பார்படோஸ் கரைக்கு வெளியே கடலடியில் துளையிட்டு, மூழ்கிப்போன பவளங்களை வெளியே எடுத்தார். மேற்பரப்பை ஒட்டியே வாழும் ஒரு பவள இனத்தை மட்டும் தேர்ந்து வயது பார்த்தபோது, பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது தெரியவந்தது. அந்தக் காலத்தில் பாக் நீரிணை வெறும் நிலம். இந்தியாவும் இலங்கையும் ஒரே தரை. மும்பைக்கு மேற்கே கடலடியில் கிடக்கும் ஃபிஃப்டி ஃபேதம் ஃப்ளாட் என்ற அகன்ற மேடையில் ஆழமற்ற நீரில் உருவான சுண்ணாம்புப் படிவுகள் இன்றும் இருக்கின்றன. கொங்கண் கரை ஒருகாலத்தில் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதற்கு அவை அடையாளம்.

அந்த 120 மீட்டரும் சீராக ஏறவில்லை என்பதுதான் முக்கியம். தாஹிதித் தீவில் துளையிட்டு எடுத்த பவளங்களை வைத்து 2012-இல் பியர் தெஷாம் குழுவினர் காட்டியது இது: 14,650 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி வெறும் 340 ஆண்டுகளில் கடல் 14 முதல் 18 மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்கு நாற்பது மில்லிமீட்டருக்கு மேல். இன்றைய வேகத்தைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். அன்று பிறந்த ஒருவர் எழுபது வயதில் இறந்திருந்தால், அவர் வாழ்நாளிலேயே கடல் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஏறியிருக்கும். அன்று உருகுவதற்கு இருந்த பனி இன்று இல்லை. ஆகவே அதே வேகம் அப்படியே திரும்பும் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் பனிப்பாளம் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் படிப்படியாக உருகாமல் ஒரேயடியாகச் சரியக்கூடும் என்பதை மறுக்க இனி வழியில்லை. ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்ற இன்றைய கணக்கைக் கோடு போட்டு நீட்டி, நூறாண்டில் ஓரடிதான் என்று சமாதானம் அடைவது அபாயம்.

எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு கடல் என்ற கணக்கும் கிடைத்திருக்கிறது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்துக்கு முந்திய வெப்பக் காலத்தில், உலகம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட அரை டிகிரி முதல் ஒன்றரை டிகிரிவரைதான் சூடாக இருந்தது. செஷல்ஸ் தீவுகளின் கருங்கல் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் அந்தக் காலத்துப் பவளங்களை ஆண்ட்ரியா டட்டன் குழுவினர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு, கடல் இன்றைவிட ஏறத்தாழ 7.6 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது. உலக அளவில் ஐந்து முதல் பத்து மீட்டர் என்று ஐ.பி.சி.சி. மதிப்பிடுகிறது. நாம் இப்போதே ஒரு டிகிரியைத் தாண்டி நிற்கிறோம். “அன்றைய சூட்டுக்குக் காரணம் பூமியின் சுற்றுப்பாதை மாற்றம், இன்றையது கரியமிலவாயு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்?” என்பது நியாயமான மறுப்பு. காரணம் வேறுதான். வெயில் விழுந்த விதமும் வேறுதான். ஆனால் பனிக்கு வெப்பத்தின் பூர்வீகம் தெரியாது. இந்த அளவு சூட்டில் எவ்வளவு பனி தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு அந்தப் பவளங்கள் தரும் விடை செல்லும். அந்த ஏற்றம் வந்துசேர நூற்றாண்டுகள் ஆகலாம், ஆயிரமாண்டுகளும் ஆகலாம். தொடங்கிவைப்பவர்கள் நாம்.

மழையின் பழைய கணக்கு

கடல்மட்டம் கரையோரத்தாரின் கவலை, மேட்டுநிலத்துப் புனேக்கு என்ன என்று விட்டுவிட முடியாது. கடக்வாஸ்லா, பான்ஷெட் அணைகள் நிறைவதும் மராத்வாடா வயல்கள் நனைவதும் இந்துமாக்கடலின் சூட்டைப் பொறுத்தது. அந்தக் கடலின் மேற்கும் கிழக்கும் ஒன்றுக்கொன்று எதிராகச் சூடேறிக் குளிரும் ஆட்டத்தை, சாஜி, பி.என். கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டா நால்வரும் 1999-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை உலகுக்கு அறிமுகம் செய்தது. இந்துமாக்கடல் இருமுனைவு என்று இன்று அறியப்படுவது அதுதான். கோஸ்வாமி பின்னாளில் புனே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1997-இல் மிகக் கடுமையான எல் நினோ வந்தும் இந்தியாவில் பருவமழை பொய்க்காததற்கும், 2019-இல் இந்தியாவில் மழை மிகுந்து ஆஸ்திரேலியா தீப்பற்றி எரிந்ததற்கும் இந்த ஆட்டத்தோடு தொடர்பு உண்டு.

இப்படிப்பட்ட கடும் நிகழ்வுகள் எப்போதாவது வருபவையா, அடிக்கடி வருபவையா? கருவிகளின் பதிவில் ஒரு கையின் விரல்களுக்குள்ளேதான் எண்ணிக்கை. அதைவைத்து எதையும் அறுதியிட முடியாது. சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளின் பழம்பவளங்களை நெரிலி ஏப்ரம் குழுவினர் ஆண்டுகணக்கில் ஆராய்ந்து 2020-இல் விடை கொடுத்தார்கள். 1240-ஆம் ஆண்டிலிருந்து இடையிடையே ஐந்நூறு ஆண்டுகளை அந்தப் பவளங்கள் உள்ளடக்கியிருந்தன. அவற்றில் கண்ட கடும் நிகழ்வுகள் பத்து. அந்தப் பத்தில் நான்கு கடந்த அறுபது ஆண்டுகளுக்குள். அதோடு 1675-இல் நடந்த ஒன்று, 1997-ஐவிடக் கடுமையானது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கடும் நிகழ்வுகள் நெருங்கி வரத் தொடங்கியுள்ளன என்பது ஒன்று. மனிதன் கரியைக் கொட்டாத காலத்திலேயே இந்தக் கடலுக்கு நாம் கண்டறியாத மூர்க்கம் இருந்தது என்பது மற்றொன்று. இயற்கையாகவே அவ்வளவு தூரம் போகக்கூடிய ஒன்றை நாம் மேலும் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தியப் பவளங்களிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. புனே நிறுவனத்தின் ஆய்வாளர் சுப்ரியோ சக்ரவர்த்தி, அகமதாபாத்தில் ஆர். ரமேஷுடன் இணைந்து 1990-களில் லட்சத்தீவு, கட்ச் வளைகுடாப் பவளங்களை ஆராய்ந்தார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலின் மேற்பரப்பு குளிர்வது லட்சத்தீவுப் பவளத்தின் ஆக்சிஜன் அளவுகளில் ஆண்டுதோறும் பதிந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். பவளத்தில் பருவமழையின் கையெழுத்து இருக்கிறது என்பது இதனால் உறுதியானது. உயிருள்ள பவளத்தில் படிக்க முடிந்ததை, செத்த பழம்பவளத்தில் ஆயிரம் ஆண்டு பின்னால் சென்றும் படிக்க முடியும். பத்தாண்டுகளைப் படித்துக் காட்டிய அந்த வேலையை ஆயிரமாண்டுகளுக்கு நீட்டுவதே அடுத்த படி.

சந்தேகங்களும் விடைகளும்

பவளத்தின் சாட்சியத்தை ஏற்பதற்கு முன் குறுக்கு விசாரணை அவசியம். முதல் சந்தேகம், நிலம் நகர்ந்திருந்தால்? 2004 டிசம்பர் 26 அன்று இதைக் கண்ணால் பார்த்தோம். அந்த ஒரே நிலநடுக்கத்தில் வட அந்தமானில் பவளத் திட்டுகள் ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப்பட்டு, காற்றில் காய்ந்து செத்தன. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து அந்தமான் பவளத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் கடல் ஒரு மீட்டர் இறங்கியது என்று தவறாக முடிவு கட்டக்கூடும். இதனால்தான் உலகக் கடல்மட்டத்தைக் கணக்கிட, நிலநடுக்கப் பகுதிகளை விலக்கி, பழைய பனிப்பாளங்களிலிருந்தும் வெகுதொலைவில் உள்ள செஷல்ஸ் போன்ற அசையாத தீவுகளைத் தேடிப் போகிறார்கள். நிலம் மெல்ல அமிழும் தாஹிதியில் அந்த அமிழ்வைக் கழித்துவிடுகிறார்கள். அந்தமான் பவளமும் வீணாவதில்லை. அதே வயதறியும் முறையைப் பயன்படுத்தி, சுமத்ராவில் பழைய நிலநடுக்கங்கள் எந்தெந்த நூற்றாண்டில் வந்தன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது சந்தேகம், பவளம் பல மீட்டர் ஆழத்திலும் வாழுமே, அதைவைத்து மட்டத்தை எப்படித் துல்லியமாகச் சொல்வது? இதற்கு நுண்வட்டப் பவளங்கள் விடை தருகின்றன. ஆழமற்ற தரையில் வளரும் ஒரு போரைட்டிஸ் பவளம் மேல்நோக்கி வளர்ந்து, நீர்வற்றும் நேரத்து மட்டத்தைத் தொட்டதும் அதன் உச்சி வெயில் பட்டுச் சாகும். அதன்பின் அது பக்கவாட்டில் மட்டுமே விரியும். கடல் சற்றே ஏறினால் விளிம்பு மேலெழும். இறங்கினால் விளிம்பும் தாழும். ஓரம் எழும்பிய தாம்பாளம் போன்ற அந்தத் தட்டையை அறுத்துப் பார்த்தால், பத்துச் சென்டிமீட்டர் அளவிலான மட்ட மாற்றங்கள்கூட வளையம் வளையமாகத் தெரியும். மாலத்தீவில் இந்த முறையில்தான் அரை மீட்டர் என்ற கணக்கு வந்தது. அதே குழு 2020-இல், கி.பி. 1481 முதல் 1807 வரையிலான குளிர்க் காலத்தில் அங்கே கடல் இன்றைவிட ஏறத்தாழ 0.9 மீட்டர்வரை தாழ்ந்திருந்ததாகவும் எழுதியது. உலகம் குளிர்ந்தால் கடல் தாழ்கிறது, சூடேறினால் ஏறுகிறது என்ற உறவு அங்கே நேராகவே பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, பல்லாயிரம் ஆண்டு மழையில் நனைந்த கல் தன் வேதியியலை மாற்றிக்கொண்டிருந்தால்? மாறும். பவளம் கட்டும் சுண்ணாம்பு அரகோனைட் என்ற வகை. நன்னீர் பட்டால் அது மெல்ல கால்சைட்டாக மாறும், யுரேனியமும் உள்ளே வெளியே போகும். எக்ஸ்ரே சோதனையில் கால்சைட் தென்பட்டால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுகிறார்கள். யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் ஆதி விகிதம் கடல்நீரின் விகிதத்தோடு பொருந்தாவிட்டாலும் தள்ளிவிடுகிறார்கள். இப்படிச் சலித்தபின் மிஞ்சுவதைத்தான் சாட்சியாக ஏற்கிறார்கள். கரீபியன், பசிபிக், இந்துமாக்கடல் மூன்றிலும் வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு இனங்கள், வெவ்வேறு நிலவரங்கள். அப்படியிருந்தும் பெரிய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. தனித்தனி அளவில் ஐயம் எழுப்பலாம். மொத்தச் சித்திரத்தைக் கலைக்க முடியாது.

ஆவணத்தைக் காப்பது யார்?

இவ்வளவு மதிப்புள்ள ஆவணத்தை நாம் நடத்திய விதம் வருந்தத்தக்கது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியைச் சுற்றிய பவளத் திட்டுகளைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொடுத்தோம். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலில் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். தனுஷ்கோடியில் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரை அருகே போய்ப் பார்த்தால், கட்டுக்கல்லின் முகத்தில் பவள உயிரிகள் வாழ்ந்த சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். உயிருள்ள கல்பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் இடம் கிடைத்தது, நல்லது. கரையேறிக் கிடக்கும் பழம்பவளமோ பலர் கண்ணுக்கு வெறும் கல். புவிப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. இராமேஸ்வரம், மண்டபம் கரைகளின் உயர்ந்த பவளத் திட்டுகள் அத்தகைய பாதுகாப்புப் பட்டியலில் முதல் வரிசையில் இடம்பெறத் தகுதியுள்ளவை. ஒரு கல்வெட்டை உடைத்துச் சாலைக்குப் போட்டால் நாம் பொறுப்போமா? பருவமழையின் ஆயிரமாண்டு வரவுசெலவு எழுதப்பட்ட கல்லுக்கும் அதே மரியாதை உரியது.

நேரமும் குறைந்துவருகிறது. எதிர்காலப் பழம்பவளம் இன்றைய உயிர்ப்பவளம்தான். அது உயிரோடு இருந்தால்தான் நம் காலத்தை எழுதிவைக்கும். 2020 மே மாதத்துக் கடல் வெப்ப அலைக்குப் பின் மன்னார் வளைகுடாவில் 85 விழுக்காடு பவளங்கள் வெளிறின என்பதை, புனே நிறுவனத்தின் ராக்ஸி மாத்யூ கோல் இடம்பெற்ற குழு 2022-இல் எடுத்துக்காட்டியது. ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள் நீடித்த இத்தகைய வெப்ப அலைகள், கரி வெளியீடு குறையாவிட்டால் இந்த நூற்றாண்டின் முடிவில் 220 முதல் 250 நாள்வரை நீளக்கூடும் என்பது 2024-இல் வந்த அவருடைய குழுவின் கணிப்பு. வெளிறிச் செத்த பவளத்தில் பட்டை வளராது. ஏடு அத்தோடு நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. லட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடா, கட்ச் ஆகிய நான்கு இடங்களிலும் உள்ள பழம்பவளங்களை முறையாக வரைபடமிட்டு, மாதிரி எடுத்து, யுரேனியக் கடிகாரத்தில் வயது பார்த்து, நாட்டுக்கென்று ஒரு பவள ஆவணக் காப்பகம் அமைக்க வேண்டும். புனேயின் கணினி மாதிரிகள் நாளைய மழையைச் சொல்வதற்கு முன், நேற்றைய மழையை, அதாவது பவளம் பதிந்துவைத்த ஆறாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்துமாக்கடலையும் பதினேழாம் நூற்றாண்டின் கடும் நிகழ்வுகளையும், சரியாகச் சொல்கின்றனவா என்று உரைத்துப் பார்க்க வேண்டும். பழைய தேர்வில் தேறாத மாதிரியின் எதிர்காலக் கணிப்பை நம்பித் துறைமுகமும் மின்நிலையமும் கட்டுவது சரியல்ல. கடலோரத் திட்டங்களுக்கு அனுமதி தரும்போது, கடந்த முப்பதாண்டு சராசரியோடு நிற்காமல், கடல் முன்பு எட்டிய வேகத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

கடல் முன்பும் ஏறியது என்பவர்களிடம் சொல்லவேண்டியது இதுதான். ஆம், ஏறியது. எப்போது ஏறியது என்று யுரேனியம் சொல்லிவிட்டது. எவ்வளவு வேகமாக ஏறக்கூடும் என்று தாஹிதி சொல்லிவிட்டது. எவ்வளவு குறைந்த சூட்டுக்கே ஏறும் என்று செஷல்ஸ் சொல்லிவிட்டது. அன்று ஏறிய கடலின் முன் மனிதனுக்குத் தேர்வு எதுவும் இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. எரிக்கும் கரியைக் குறைப்பதும், கரையில் எதை எங்கே கட்டுவது என்று தீர்மானிப்பதும் நம் கையில் உள்ளவை. இவ்வளவு தெளிவான முன்னறிவிப்பு வேறு எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. அதை அறிந்தபின் செய்யாமல் விட்டதற்கு, தெரியாது என்று சொல்லித் தப்பும் உரிமை நமக்கு இல்லை.